மாமா அனுப்பிய கிருஷ்ணாயில்

எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் டின்னில் மாமா ஒரு விமானம் வரைந்திருந்தார். அப்பாவின் ஆட்டோவுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட். குவைத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வரைந்தது. இறக்கையைக் கொஞ்சம் அதிகமாக வளைத்துவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாரும் அதை மீன் என்றார்கள்.

கிருஷ்ணாயில் பங்க்காரரும் அப்படித்தான் கத்துவார். "யார்துமே இந்த மீனு டின்னு? முன்னால தள்ளு."

"மீனு இல்ல. ஏரோப்ளேன்." ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அவர் கேட்டதே இல்லை.

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டின சந்தில் இருந்தோம். அம்மா காலையில் வாசலில் இட்லி போட்டு விற்பாள். அப்பாவுக்கு ஆட்டோ. மாமா அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர்களைப் பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டார்கள். அம்மாதான் அவரை வளர்த்தாள். அதனால் திட்டுவதும் அவள்தான், சோற்றை எடுத்து வைத்துக் காத்திருப்பதும் அவள்தான்.

குவைத்துக்குப் போகும் முன்பு மாமா மெக்கானிக் கடையில் இருந்தார். சாயங்காலம் வந்ததும் ஒரு மூடி கிருஷ்ணாயில் கேட்பார், கை கழுவ. கிரீஸ் அதில்தான் போகும். "சோறாக்க இல்லாத எண்ணெய் தொரைக்கு கை கழுவவா" என்று சொல்லிக்கொண்டே அம்மா ஊற்றுவாள். அதே கையால் என்னைத் தூக்குவார். மாமா வாசனை என்றால் எனக்கு அதுதான்.

அவர் கிளம்புகிற அன்று நான் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அம்மாவின் கம்மலை விற்றுத்தான் அவர் போகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அவள் காதில் வேப்பங்குச்சி இருந்தது, அவ்வளவுதான் தெரியும். மாமா குனிந்து சொன்னார்.

"அழுவாத. நா எங்க போறேன்? எண்ணெய் கம்பெனிக்குத்தான். இனிமே உங்கம்மா ஸ்டவ்ல எரியறது நா அனுப்புற எண்ணெய். எண்ணெய் வந்துச்சின்னா மாமா நல்லா கீறேன்னு வச்சிக்கோ."

நான் வைத்துக்கொண்டேன்.

சந்து முனையில் பெரிய வீட்டு மாமி இருந்தார். அவர் வீட்டில் போன் இருந்தது. மாமா அந்த நம்பருக்குப் பேசுவார். கூப்பிட்டால் மாமி வேலைக்காரப் பெண்ணை அனுப்புவார். அம்மா ஓடுவாள், பின்னால் நான். பேசி முடித்து என்னிடம் கொடுப்பாள். மாமா எப்போதும் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"எண்ணெய் வந்துச்சா?"

"வந்துச்சு."

"நல்லா எரியுதா?"

"பொகையுது மாமா."

"அந்த டிரம்ம ஒட்டகம் ஒதச்சி மண்ணு உழுந்துடுச்சி. அடுத்தது நல்லதா பாத்து அனுப்புறேன்."

மாமி வீட்டு ஹாலில் எல்லாரும் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்காது. ஒட்டகம் உதைக்கத்தானே செய்யும்.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்டு மாதம் குவைத்தை ஈராக் பிடித்துக்கொண்டது. எங்களுக்கு அந்தச் செய்தி ஆட்டோ ஸ்டாண்டு வழியாகத்தான் வந்தது. அங்கே அப்பாவின் கூட்டாளி ஒருவர் பேப்பர் வாங்குவார். மற்றவர்களுக்கும் அவர்தான் படித்துச் சொல்வார். நான் அப்பாவுக்கு டிபன் கொண்டுபோகும்போது கேட்பேன்.

"ஏன்டா, அவன் கெணத்த இவன் புடிச்சா நம்ப வண்டிக்கு இன்னாடா?" என்று அப்பா கேட்டார்.

"மச்சான், மின்ன அவனுங்களும் நம்ப நொச்சிக்குப்பம் ஜனங்க மாதிரிதான். படகுல போய் முத்து எடுத்துக்கினு இருந்தானுங்க. வெள்ளக்காரன் வந்து மண்ணுல ஓட்ட போட்டான். எண்ணெய் பொங்கிச்சி. அதுலேர்ந்து கெணறு அவனுது, கப்பலு வெள்ளக்காரனுது, ரோடு நம்புளுது. வெலைய மட்டும் எவன் வெக்கிறான்னு யாருக்கும் தெர்ல."

"இப்ப இன்னாதான் ஆவும்?"

"அடிச்சிக்கிறது அங்க. தள்ளிக்கினு போறது இங்க."

அது வேடிக்கைப் பேச்சு இல்லை. கொஞ்ச நாளில் பெட்ரோல் ஏறியது. அப்பா சிக்னலில் நின்றால் இன்ஜினை அணைத்தார். வீட்டுக்கு வரும்போது சந்து முனையிலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அப்புறம் கிருஷ்ணாயில் நின்றுபோனது.

பங்க் வாசலில் மனிதர்கள் நிற்க மாட்டார்கள், டின்கள்தான் நிற்கும். அதுதான் வழக்கம். காலையில் டின்னைக் கொண்டுபோய் வரிசையில் வைத்து, காற்றில் உருளாமல் இருக்க மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போவோம். லாரி வந்தால் டின்னுக்குச் சொந்தக்காரர் வந்து நிற்பார். அடுத்தவர் டின்னை யாரும் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் அன்றைக்கு அங்கே சண்டை. இப்போது டின்கள் வெயிலில் நின்றன, சாயங்காலம் வீட்டுக்கு வந்தன, மறுநாள் திரும்பவும் போய் நின்றன. லாரி வரவில்லை.

அம்மா மரத்தூள் அடுப்புக்கு மாறினாள். இட்லியில் புகை வாசம் அடித்தது. வாங்குகிறவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி என்ன ஆனான் என்று தெரியாதவளிடம் என்ன சொல்வது.

மாமி வீட்டுப் போன் அடிக்கவே இல்லை. அம்மா தினமும் சாயங்காலம் அந்த வாசலில் போய் நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். மாமியே வெளியே வந்துவிடுவார். "இன்னிக்கும் வரலேடி. நாங்களும் ஆத்துல நியூஸ் போட்டுண்டேதான் இருக்கோம். ஜனங்களை பிளேன்ல அழைச்சுண்டு வராளாம். வந்துடுவான், நீ போ."

அம்மா தலையாட்டிவிட்டு வருவாள்.

வீட்டில் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலி டின்னைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். நாளாக நாளாக வாசனை குறைந்துகொண்டே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் என்று பயம்.

ஒரு நாள் மத்தியானம் லாரி வந்தது.

நான் அப்போது பங்க் பக்கம்தான் விளையாடிக்கொண்டிருந்தேன். டிரம் இறங்குகிறது. வாசனை அடிக்கிறது. டின்னை, வரிசையை, எல்லாவற்றையும் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அம்மா! மாமா நல்லா கீது! மாமாக்கு ஒண்ணும் ஆவல!"

அம்மா எழுந்தாள். அரிசிப் பானை சாய்ந்தது. அதை நிமிர்த்தவில்லை. யார் சொன்னது என்று கேட்கவில்லை. ஈரக் கையோடு தெருவில் ஓடினாள். அவள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. நேராக மாமி வீட்டு வாசலில் போய்த்தான் நின்றாள்.

"போன் வந்துச்சாம்மா? இன்னா சொன்னான்?"

மாமி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "வரலியேடி. வந்தா சொல்லாம இருப்பேனா?"

"இவ சொன்னாளே."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது.

"கிருஷ்ணாயில் வந்துச்சி" என்றேன். "மாமாதான சொல்லிச்சி. எண்ணெய் வந்தா நல்லா கீறேன்னு அர்த்தம்னு."

முனையில் நின்றிருந்த ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவின் கூட்டாளி, "சர்த்தான், பேப்பர நிறுத்திடு மச்சான், இனிமே பாப்பாகிட்டயே கேட்டுக்கலாம்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. மாமி கையை வாயில் வைத்துக்கொண்டார்.

அடி விழும் என்று நின்றேன். அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். அப்புறம் முகத்தைத் துடைத்தாள். "வா. டின்ன வுட்டுட்டு வந்துட்டியே, யார்னா தள்ளிடப் போறாங்க" என்றாள்.

எண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஸ்டவ்வில் ஊற்றி, பம்ப் அடித்துப் பற்றவைத்தாள். நீலமாக எரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

"அவன் இன்னா சொன்னான்? அப்டியே சொல்லு."

சொன்னேன்.

"இன்னோர்வாட்டி சொல்லு."

சொன்னேன். அப்பா வாசலிலிருந்து, "கொயந்த சொல்லுதுன்னா நீயுமா?" என்றார்.

"நீ கம்னு கெட" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து நான் பங்க்கிலிருந்து திரும்பினால் அம்மா தலை நிமிராமல் கேட்பாள். "வந்துச்சா?" வந்தது என்றால் அன்று கொஞ்சம் சாப்பிடுவாள். வரவில்லை என்றால், "நாளிக்கு வரும்" என்பாள். டின் நிறைந்திருக்கிற நாளிலும் என்னைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வாள். எண்ணெய்க்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

நடுவில் எங்கள் சந்துக்காரர் ஒருவர் துபாயிலிருந்து லீவில் வந்தார். டாக்சியில் வந்தார். டாக்சி மேல் கயிறு கட்டிய பெட்டிகள். டேப் ரிக்கார்டர், சென்ட், பளபளக்கும் சேலை. சந்தே போய்ப் பார்த்தது. எல்லார் கையிலும் ஆளுக்கொரு சோப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் வருவார்கள். அவர் குவைத்துச் செய்தி ஏதாவது சொல்வாரா என்று அம்மா நின்றாள். அவருக்குத் தெரியவில்லை. அம்மாவிடமும் ஒரு சோப்பைக் கொடுத்தார். அதை அவள் பிரிக்கவே இல்லை.

தீபாவளி நெருங்கியது. மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை டின்னைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தபோது வானம் வெளுத்திருந்தது. பிறகு ஒரு மழை கொட்டி நின்றது. லாரி சத்தம் கேட்டதும் அம்மா ரேஷன் கார்டைக் கொடுத்து ஓடச் சொன்னாள்.

போய்ப் பார்த்தால், திறந்து கிடந்த டின்களில் எல்லாம் மழைத்தண்ணீர். ஆட்கள் அதைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் டின்னை மட்டும் யாரோ முன்னமே தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் பின்னால் ஒரு ஆள் நனைந்து நின்றார்.

"யோவ், அது எங்க டின்னு."

அவர் திரும்பினார். தாடி. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சட்டை பெரிதாக இருந்தது, வேறு யாருடையதோ.

"மீனு போட்டதா?"

"மீனு இல்ல. ஏரோப்ளேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "எண்ணெய் வந்துச்சா?"

போனில் கேட்ட குரல்.

நான் அவர் கையைப் பிடித்து முகர்ந்தேன். கிருஷ்ணாயில் வாசனை இல்லை. ரயில் வாசனை. ஆனாலும் கை அதே கை.

"வா மாமா, வூட்டுக்கு. அம்மா அழுவுது தெர்மா?"

"இரு. வாங்கிக்கினு போலாம்."

"நா ஓடிப்போய் சொல்லிட்டு வர்றேன்."

மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். வாங்கிக்கினே போலாம்."

சரிதான் என்று நினைத்தேன். வரிசையில் இத்தனை முன்னால் வந்த பிறகு எந்தப் பைத்தியக்காரன் இடத்தை விடுவான். நானும் பக்கத்தில் நின்றேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. எங்கள் முறை வந்ததும் பங்க்காரர், "மீனு டின்னு" என்று கத்தினார். மாமா டின்னை நிமிர்த்தி வைத்தார். நான் கார்டைக் கொடுத்தேன்.

டின்னை அவர்தான் தூக்கினார். இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன். அது காலியாக இருந்தது.

"பெட்டி எங்க மாமா?"

"பின்னால வருது."

அம்மா இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். முதுகு எங்கள் பக்கம். "வந்துச்சா?" என்றாள்.

"வந்துச்சி" என்றேன்.

மாமா டின்னை அவள் பக்கத்தில் இறக்கினார். அம்மா முதலில் அந்தக் கையைத்தான் பார்த்தாள். பார்த்தபடியே இருந்தாள். இட்லித் துணி கையில் இருந்தது. பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அதில் இப்போது கிருஷ்ணாயில் வாசனை இருந்திருக்கும்.

சந்து கூடிவிட்டது. மாமி படி இறங்கி வந்தார். மாமா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். பம்பாய் வரை பிளேன், அங்கிருந்து ரயில் என்றார். ஒட்டகத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். எண்ணெய்க் கிணறு பார்த்தாயா என்றேன்.

"எங்க பாத்தேன். தண்ணி லாரியில வேலை. எண்ணெய் எடுக்கறவனுங்களுக்கு தண்ணி கொண்டுபோய் ஊத்துறது. தூரத்துல நெருப்பு எரியறத பாப்பேன்."

"அப்ப நீ அனுப்ச்ச எண்ணெய்?"

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். அப்போது வாசலிலிருந்து அப்பாவின் கூட்டாளி எட்டிப் பார்த்தார். நல்ல மனசுக்காரர், வாய்தான் சும்மா இருக்காது. "இன்னா மாப்ள, வெளிநாட்டுலேர்ந்து அக்காக்கு இன்னா எடுத்தாந்த?"

மாமா தட்டைப் பார்த்தார்.

அம்மா டின்னை முன்னால் இழுத்து வைத்தாள். மஞ்சள் படம் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருப்பினாள்.

"தோ, எண்ணெய் எடுத்தாந்தான்" என்றாள்.

ஸ்டாண்டுக்காரர்கள் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். அப்பாகூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது நிஜம் என்று எனக்கு முன்னமே தெரியும். அம்மாவும் சிரிக்கவில்லை. அவளும் என்னைப் போலவே நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.