பூட்டுக்காரன் விடாமல் கேட்ட ஜெபம்

என் மனைவியின் அண்ணன்மேல் எனக்குப் பல வருஷமாக ஒரு வருத்தம் உண்டு. ஆள் மண்ணுக்குள் போன பிறகும் அது போகவில்லை. தனக்குத் தேவையே இல்லாத ஒரு சாவியை என் இடுப்பில் கட்டிவிட்டு, இரண்டு குடும்பத்துக்கும் என்னைக் கெட்டவனாக்கிவிட்டான். பிள்ளைகள் இன்றைக்கும் என்னை ‘வார்டர் மாமா’ என்றுதான் கூப்பிடுகின்றன. உள்ளே இருக்க வேண்டியவன் அவன், பட்டம் எனக்கு.

பூட்டு ரிப்பேர், சாவி போடுவது, இதுதான் அவன் தொழில். அவன் கடையும் என் வெல்டிங் பட்டறையும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கம். சாவியைத் தொலைத்தவர்கள் மூச்சிரைக்க ஓடி வருவார்கள். இவன் அவசரப்படவே மாட்டான். பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வந்து “ஆமா, இது இவங்க வீடுதான்” என்று சொன்னால்தான் கம்பியை எடுப்பான். திறக்கும்போது பூட்டைப் பார்க்க மாட்டான், கூரையைப் பார்ப்பான். விரல் பாட்டுக்கு வேலை பார்க்கும். கதவு திறந்ததும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் திரும்பி நின்றுகொள்வான். அடுத்தவன் வாசலில் அத்தனை ஒழுங்கு. தன் வாய் விஷயத்தில் மட்டும் ஒன்றும் கிடையாது.

அவனுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்றால் உயிர். ஜாம் பாட்டிலை விரலாலேயே வழிப்பான். டீ குடித்து முடித்ததும் கிளாஸின் அடியில் கரையாமல் கிடக்கிற சர்க்கரைக்காகத் தலையை அண்ணாந்துகொண்டு காத்திருப்பான். டாக்டர் திட்டினார், மாத்திரையைக் கூட்டினார், கடைசியில் கையெடுத்தே கும்பிட்டார்.

இவன் கும்பிட்டது ஆண்டவரை. தினமும் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், இரும்புத்தூள் கிடக்கிற தரையிலேயே முட்டி போடுவான். நடுச்சுவர் ஒற்றைக்கல் சுவர், எல்லாம் எனக்குக் கேட்கும்.

“ஆண்டவரே, எனக்கு இச்சையடக்கத்தைத் தாரும். நான் சொன்னா என் கை கேக்க மாட்டேங்குது, நீர் சொன்னா கேக்கும். வாய்கிட்ட போறதுக்குள்ள புடிச்சுக்கும். என்னால முடியல ஆண்டவரே, நெசமாவே முடியல.”

நடிப்பு இல்லை. ஒவ்வொரு நாளும் குரல் உடையும். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷட்டரை முழுசாகத் தூக்குவான். வெயில் ஏறுவதற்குள் தெருமுனை பேக்கரியில் நிற்பான், மீசையில் கிரீமோடு.

“என்ன மச்சான், ஆண்டவருக்கு இன்னைக்கு லீவா?” என்று நக்கலடிப்பேன்.

“அவரு வந்தாரு மச்சான். முன்னாடி வந்து நின்னாரு. நான்தான் பின்பக்கமா போயிட்டேன்.”

ஒருநாள் அரம் கைதவறிக் காலில் விழுந்தது. காயம் பட்டதே அவனுக்குத் தெரியவில்லை, செருப்பு ஈரமாக இருக்கிறதே என்றுதான் பார்த்தான். ஆறவே இல்லை. கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகுதான் அவன் பொண்டாட்டி பட்டறைக்கு வந்தாள். எனக்குத் தங்கச்சி முறை.

“அண்ணே, ஒரு இரும்புப் பெட்டி அடிச்சுக் குடுங்கண்ணே. சர்க்கரை, பிஸ்கட், பிள்ளைங்க மிட்டாய், எல்லாத்தையும் அதுல போட்டுப் பூட்டணும். வாங்காமலும் இருந்து பாத்துட்டேன், பிள்ளைங்க ஏங்கிப் போகுதுங்க.”

கனத்த தகட்டில் அடித்துக் கொடுத்தேன். பூட்டை அவனே போட்டான், கடையிலேயே உசத்தியான பூட்டு. எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, நீளமாக ஒரு ஜெபம் பண்ணி, சாவியை என் கையில் வைத்தான்.

“இது ஒண்ணுதான் சாவி. இனிமே நீதான் எனக்குக் காவல்.”

என் தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மனைவியும் துடைத்துக்கொண்டாள். நான் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டேன். சாவி இல்லாமல் திறப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவனிடமிருந்து சாவியை ஒளித்து வைக்கிறோமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பேர் நின்றோம், ஒரு மண்டையிலும் உறைக்கவில்லை.

அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய் வேண்டுமென்றால்கூட நான் போய்த் திறக்க வேண்டும். வார்டர் ஆனது அப்படித்தான். பெட்டியில் சர்க்கரை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. தங்கச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“சாவி உங்ககிட்டதான அண்ணே இருக்கு?”

என் மனைவி அந்த ஒளிவுமறைவுகூட இல்லாமல் கேட்டாள். “உண்மையைச் சொல்லுங்க. எங்கண்ணன் கெஞ்சினான்னு குடுத்துட்டீங்களா, இல்ல நீங்களே திங்கிறீங்களா?”

எனக்கு வந்ததே கோபம். மறுநாள் மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டு திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. கன்னம் உப்பியிருந்தது.

“தண்ணி குடிக்கத்தான் வந்தேன் மச்சான். எப்ப திறந்தேன்னே தெரியல.”

“அப்புறம் எந்த இழவுக்குடா எங்கிட்ட சாவியைக் குடுத்த?”

மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னான். “திறக்கறப்ப உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வரும், கொஞ்சம் வெக்கமா இருக்கும்னு நெனச்சேன்.”

“வந்துச்சா?”

“வந்துச்சு. உன் மூஞ்சிக்கு அவ்வளவு பவர் இல்ல மச்சான்.”

அடிக்கலாம் என்றுதான் கை ஓங்கினேன். அதற்குள் அவன் கீழே உட்கார்ந்துவிட்டான். சுவரில் சாய்ந்துகொண்டு, வாயோரத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைக்கவும் மனசில்லாமல் அழுதான். அந்தக் கோலத்தில் இருக்கிறவனை எங்கே அடிப்பது?

பிறகு அவனாக ஒரு முடிவுக்கு வந்தான், உபவாசம். பாஸ்டரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார். சாப்பாட்டையே விட்டால் சர்க்கரை எம்மாத்திரம் என்பது இவன் கணக்கு. வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கடைக்குள் முட்டி போட்டான். இந்தப் பக்கம் நான் ஜன்னல் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். ஜெபம் பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தேன், ஆமென் வரவில்லை. ஷட்டருக்கு அடியில் நுழைந்து போனால், வேர்த்து நனைந்து குப்புறக் கிடக்கிறான். மருந்துக்கடைக்காரர் ஓடி வந்து பார்த்துவிட்டுக் கத்தினார்.

“சர்க்கரை இறங்கிருச்சு! வாயில சர்க்கரை போடுங்க, சீக்கிரம்!”

டீக்கடையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து, நானே அவன் வாயைத் திறந்து, என் விரலால் ஈறில் தேய்த்தேன். கண் விழித்ததும் நாக்கைச் சப்புக்கொட்டிப் பார்த்தான். முகம் அப்படியே கோணிப்போயிற்று.

“அவர்கிட்ட இச்சையடக்கம் கேட்டேன் மச்சான். சர்க்கரையைக் குடுத்துட்டாரு.”

டீக்கடையில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனுஷன் வேறு என்னதான் செய்வான்? பூட்டிப் பார்த்தான், அழுது பார்த்தான், பட்டினி கிடந்தும் பார்த்துவிட்டான்.

அடுத்ததாகக் கால் கறுத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், ஆனால் சர்க்கரை இறங்கினால்தான் கத்தி வைக்க முடியும் என்றார்கள். ஊசி போட்டு இறக்குவார்கள், மறுநாள் பார்த்தால் ஏறியிருக்கும். யார் கொடுக்கிறார்கள் என்று வார்டே தேடியது. அங்கே கட்டிலுக்குக் கட்டில் ஒரு இரும்பு லாக்கர் உண்டு, பாதி லாக்கர் துருப்பிடித்துத் திறக்காது. இவன் படுத்தபடியே ஒரு ஹேர்பின்னை வைத்து ஒவ்வொன்றாகத் திறந்துகொடுத்திருக்கிறான். அந்த நன்றிக்கு ஆளாளுக்கு ஒரு பிஸ்கட், ஒரு கேக் துண்டு. தலையணைக்கு அடியில் காகிதமாகக் கிடந்தது.

நர்ஸம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார். “இங்க பாருங்க, இன்னைக்கு ஒரு நாள் வாயைக் கட்டுங்க. காலைல காலை எடுத்துட்டு உயிரோட வீட்டுக்கு அனுப்பறோம். இல்லேன்னா விஷம் மேல ஏறிடும், அப்புறம் எங்களைக் கேக்காதீங்க.”

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்குக் கஷ்டம், அதனால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையில் விரலில் குத்திப் பார்த்தார்கள், சர்க்கரை இறங்கித்தான் இருந்தது. விஷம் அதற்கு முன்பே ஏறிவிட்டது. ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதே போய்விட்டான்.

முந்தின நாள் சாயங்காலம், பார்வையாளர்களை உள்ளே விடுவதற்குக் கொஞ்சம் முன்னால், என்னைக் கிட்டே கூப்பிட்டான். வாசலில் பழப்பையும் பார்சலுமாக ஜனங்கள் நெருக்கிக்கொண்டு நிற்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அவனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், நீ எனக்காக ஒரு ஜெபம் பண்ணு.”

“நானா? ஜெபம்னாலே பீடி பத்தவைக்க வெளிய போறவன்டா நான். பாஸ்டரைக் கூட்டிட்டு வரேன்.”

“வேண்டாம். அவரு கேட்டுட்டாரு, உன் தங்கச்சி கேட்டுட்டா, நானும் வருஷக்கணக்கா இதையேதான் கேட்டுட்டு இருக்கேன். திரும்பவும் ஆண்டவர் முன்னாடி போய் நிக்க எனக்குக் கூச்சமா இருக்கு. நீ இதுவரைக்கும் அவர்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லல்ல? புது ஆளு வந்திருக்கானேன்னு திரும்பிப் பாப்பாரு.”

“என்னன்னுடா கேக்கறது? எனக்கு வார்த்தையே வராது.”

“பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். கால் வேணும்னு கேக்காத. உசுரு வேணும்னும் கேக்காத, அதெல்லாம் உன் தங்கச்சி கேட்டுக்குவா. இந்த ஜனங்க வந்துட்டுப் போற வரைக்கும் நான் யார்கிட்டயும் எதுக்கும் கை நீட்டாம இருக்கணும். அது ஒண்ணை மட்டும் கேளு. மனசுக்குள்ள முணுமுணுத்து ஏமாத்தாத மச்சான், என் காதுல விழணும், சத்தமா கேளு.”