படுத்துக் கிடந்த செட்டியாரம்மா

பூந்தமல்லியில் ஒரு கிளை நூலகத்துக்கு இக்னேஷியஸ் உதவியாளனாக வந்து சேர்ந்தது எண்பத்தாறில். சந்தேகம் என்பது சிலருக்கு வரும், போகும். இவனுக்கு அது கூடவே பிறந்தது. பால்காரன் ஊற்றி முடித்ததும் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்ப்பான். கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பான். "கோயில்ல என் கழுத்துல தாலி கட்டறப்பவாவது பொண்ணு இவதானான்னு பாக்காம கட்னியா?" என்று அவன் மனைவி தெரசா கேட்பாள். பார்த்துவிட்டுத்தான் கட்டினான்.

அப்படிப்பட்டவன் பொறுப்பில்தான் அந்தக் கண்ணாடி அலமாரியை விட்டார்கள். ஊரில் ஒரு பழைய வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போனபோது, வீட்டுக் கொலுப் பொம்மைகளை எல்லாம் நூலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். தசாவதாரம், கல்யாண கோஷ்டி, வீணையோடு சரஸ்வதி, தொந்தியும் தராசுமாக ஒரு செட்டியார், பக்கத்தில் மூக்குத்தி போட்ட செட்டியாரம்மா. எல்லாம் பண்ருட்டி மண்ணில் செய்தவை. என்றைக்கும் நூலகத்திலேயே இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பத்திரிகை படிக்க வருகிறவர்கள்கூட முதலில் அலமாரி முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் பெஞ்சுக்குப் போவார்கள். அப்படி நிற்பவர்களின் கைகளையே இக்னேஷியஸ் பார்த்துக்கொண்டிருப்பான்.

அதற்குக் காரணமும் இருந்தது. "ஒரு பொம்மைக்கு ஏதாவது ஆச்சுன்னா, உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுத மாட்டேன், பாத்துக்க" என்று நூலகர் கங்காதரன் முதல் வாரமே சொல்லியிருந்தார். அலமாரியில் இருந்த மண்ணெல்லாம் நிரந்தரம், அதைக் காவல் காக்கும் மனுஷன் தற்காலிகம். இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சென்னீர்குப்பத்தில் வாடகைக்கு இருந்தவன், அன்றிலிருந்து காலையும் மாலையும் பொம்மைகளை எண்ண ஆரம்பித்தான்.

வந்த வருஷமே, பூஜை விடுமுறை முடிந்து கதவைத் திறந்தவன் திடுக்கிட்டான். அலமாரி பூட்டியபடி இருந்தது. உள்ளே செட்டியாரம்மா மட்டும் மல்லாந்து கிடந்தாள். எலியாக இருக்கும் என்று நிமிர்த்தி வைத்தான். அடுத்த வருஷமும் அதே விடுமுறை, அதே செட்டியாரம்மா, அதே மாதிரி மல்லாந்து. எலிக்குக் காலண்டர் தெரியுமா?

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வெளியே சொன்னால் "உன் பொறுப்புலதானே இருக்கு" என்பார்கள். அதனால் யாரும் பார்ப்பதற்கு முன் பொம்மையை நிமிர்த்திவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் உட்கார்ந்துகொண்டான். சாவி கங்காதரனின் மேஜையில். ஆக, அவர் மேல் ஒரு கண். கூட்டிப் பெருக்கும் பொன்னம்மாளிடம் எப்போதும் ஒரு பெரிய ஒயர் கூடை. ஆக, அவள் மேல் இரண்டு கண். வாசகர்களின் பைகளை எல்லாம் வாசலிலேயே வாங்கித் திறந்து பார்ப்பவனுக்கு, அந்தக் கூடையை மட்டும் கேட்க நா எழவில்லை. அம்மா வயசு, பூந்தமல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், அவனுக்கு முன்னாலிருந்தே அங்கே வேலை பார்ப்பவள்.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். இது வெள்ளோட்டம். பொம்மையைப் படுக்க வைத்துப் பார்க்கிறார்கள். எவனும் கேட்கவில்லை என்றால் ஒரு வருஷம் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது.

மூன்றாம் வருஷம் சரஸ்வதி பூஜை அன்று நூலகத்தில் எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தார்கள். இக்னேஷியஸ் இரண்டு பொட்டலம் தின்றான். மறுநாள் விஜயதசமி. விடுமுறை என்றும் பாராமல் சாயங்காலம் பின்பக்கமாக வந்து, ஆன்மிகப் புத்தக அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பொன்னம்மாள் வந்தாள். பூஜையில் வைத்த வாடின பூக்களை அள்ளினாள். பிறகு முந்தானையிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தாள். கூடை காலடியில் இருந்தது. செட்டியாரம்மாவை இரண்டு கையாலும் மெதுவாகத் தூக்கினாள்.

"மாட்னியா!" என்று பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான் இக்னேஷியஸ். பொம்மை தரையில் விழுந்து சிதறியது. மூக்குத்தி போட்ட முகம் மட்டும் உருண்டு போய்ப் பெஞ்சுக் காலில் முட்டி நின்றது.

"அடப்பாவி, இன்னா காரியம் பண்ணிட்ட!"

"நீ இன்னா பண்ணிகினு இருந்த? அத்த சொல்லு மொதல்ல."

"கொலு முட்ஞ்சா ஒரு பொம்மைய படுக்க வெக்கணும்யா. அப்பத்தான் முட்ஞ்சிதுன்னு அர்த்தம். எங்க ஊட்ல கொலு கெடையாது. இங்க கீறத அம்போன்னு உட மனசு வர்ல. சார்தான் சாவி குடுத்தாரு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "இத்தினி வருசமா பக்கத்துலயே குந்திகினு கீற. ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

கேட்டிருக்கலாம்தான். கங்காதரனைக் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். பத்திரிகை படிக்க வரும் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவன் கணக்கில் அத்தனை பேரும் திருடர்கள். திருடனிடம் போய் எவன் விளக்கம் கேட்பான்?

மறுநாள் கங்காதரன் உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, "யார் கையிலேர்ந்து விழுந்தது?" என்றார். பொன்னம்மாள் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "என் கையிலேர்ந்துதான். அவரு இஸ்தாரு, உழுந்துச்சி." கங்காதரன் வெகுநேரம் தலையைச் சொறிந்தார். சாவி கொடுத்தவர் அவர். துடைக்கும்போது உடைந்தது என்று மேலே எழுதி அனுப்பிவிட்டார். இரண்டு வருஷம் இழுத்தடித்தாலும் இக்னேஷியஸுக்கு வேலை நிரந்தரமானது. எதற்குப் பயந்தானோ அது நடக்கவில்லை.

வேறொன்று நடந்தது. பொம்மை உடைந்த மறுநாள் மாலை, வேலை முடிந்து கிளம்பிய பொன்னம்மாள் வாசலில் அவன் முன்னால் வந்து நின்றாள். ஒயர் கூடையைத் தரையில் வைத்து, உள்ளே இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். ஒரு டிபன் பாக்ஸ், வெற்றிலைப் பை, மடித்த பழைய புடவை.

"பாத்துக்க நைனா."

அவனுக்கு முகம் எரிந்தது. "யக்கா, எடுத்துகினு போக்கா. நான் ஒண்ணும் கேக்கல."

"நீ எப்ப வாயத் தொறந்து கேட்ட? பாத்துக்க."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கோபமாகச் செய்திருந்தால் அவன் பதிலுக்குக் கத்தியிருப்பான். அவள் கோபமே படவில்லை, தெருவில் நடக்கும்போது சாக்கடையைத் தாண்டுவது மாதிரி செய்தாள். மன்னிப்புக் கேட்டுப் பார்த்தான். கிறிஸ்துமஸுக்குத் தெரசா கையால் கேக் கொடுத்து அனுப்பிப் பார்த்தான். பொன்னம்மாள் கேக்கை வாங்கி, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தின்றாள். சாயங்காலம் கூடையையும் திறந்து காட்டினாள்.

தொண்ணூற்றாறில் முழங்கால் வலி தாங்காமல் அவள் வேலையை விட்டு நின்றாள். அலமாரியில் செட்டியார் தராசோடு தனியாகவே உட்கார்ந்திருந்தார். கடைசி நாளும் அவள் குனிய முடியாமல் குனிந்து கூடையைத் திறந்தாள். எத்தனையோ பைகளுக்குள் எட்டிப் பார்த்த இக்னேஷியஸ், அந்தக் கூடைக்குள் மட்டும் ஒரு நாளும் பார்த்ததில்லை. அன்றைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பாத்துட்டியா?" என்றாள் பொன்னம்மாள்.

"பாத்துட்டேன்க்கா" என்றான். அப்படிச் சொன்னால்தான் அவள் கூடையை மூடுவாள்.