மாமன்மார் படமும் ஸ்வாப் ஃபைலும்

பழனி ரோட்டில் நான் வேலை பார்க்கும் ஃபிளெக்ஸ் கடைக்கு ஷாஹின் வந்த நாளிலிருந்தே எனக்கு அவளைப் பிடிக்காது. சீனியர் நான். ஆனால் எதற்கெடுத்தாலும் முதலாளி அவளைத்தான் கூப்பிடுவார்.

அன்று சின்னாளப்பட்டிக்காரர் ஒருவர் காதணி விழா பேனருக்காக வந்து உட்கார்ந்திருந்தார். தாய்மாமன்கள், ஒன்றுவிட்ட மாமன்கள் எல்லார் படமும் வரவேண்டும்; ஒருவர் விடுபட்டாலும் விழாவில் சண்டைதான். கடைசி மாமனை வைத்ததும் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. ரீஸ்டார்ட் செய்தும் அதே கதை. மெமரி போதவில்லை, நிரம்பி வழிவதை இறக்கிவைக்க டிஸ்க்கில் ஸ்வாப் இடம் ஒதுக்கவேண்டும்.

"ஒரு ஃபைலா போட்டா போதும்ணே. வேணாம்னா அழிச்சுக்கலாம்" என்றாள் ஷாஹின் முதலாளியிடம்.

"தனி பார்ட்டிஷன்தான் சரி" என்றேன். பழைய டிசைன்கள் நிறைந்த டிஸ்க்கை அவசரத்தில் பிரிப்பது ஆபத்து என்று எனக்கும் தெரியும். அவள் சொன்னதற்கு மாறாகச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

முதலாளி எங்களை மாறிமாறிப் பார்த்தார்.

"அக்கா சொல்றதும் நல்ல வழிதாண்ணே. ஆனா அவரு எம்புட்டு நேரமா காத்திருக்காரு. இப்ப ஃபைல் போட்டுருவோம், பெறகு சாவகாசமா அக்கா பிரிச்சுக்குவாங்க" என்ற ஷாஹின், கீபோர்டை என் பக்கம் நகர்த்தினாள்.

ஸ்வாப் ஃபைலுக்கான கட்டளையை நான்தான் டைப் செய்தேன். பேனர் திறந்தது, மாமன்கள் எல்லாரும் திரையில் சிரித்தார்கள். வந்தவர் எனக்கு நன்றி சொன்னார். அவள் டீ குடிக்கப் போய்விட்டாள்.

அவளிடம் இருப்பது கெட்டிக்காரத்தனம் மட்டும் என்றால் நானும் உட்கார்ந்து படித்துக் கற்றிருப்பேன்.

அந்தப் பார்ட்டிஷனை நான் இன்றுவரை பிரிக்கவில்லை. ஷாஹின் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.