காத்திவாக்கம் வாடகை வீடும் காணாமல் போன என் மூக்கும்

வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில்தான் எனக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தது!

(இருக்கிறது. முகத்தில், அதே இடத்தில், பெரிதாகவே இருக்கிறது. வேலைதான் செய்யவில்லை.)

இப்போது இருக்கும் ராயபுரம் வீட்டில் குழந்தை தவழ இடம் இல்லை. அதனால் காத்திவாக்கத்தில் ஒரு வீட்டை நான் மட்டும் போய்ப் பார்த்தேன். இரண்டு ரூம், பெரிய ஹால், ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. வாடகையும் கையைக் கடிக்கவில்லை. உடனே பிடித்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஸ்டெல்லாவையும் குழந்தையையும் பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஆட்டோவை விட்டு இறங்கியதுமே ஸ்டெல்லா முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"யோவ், இன்னாய்யா இது? வாசல்லயே கொடல பொரட்டுது!"

"இன்னா பொரட்டுது? ஜம்முனு காத்து வருது பாருமே!"

"காத்தா? ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் கருவாடு காயுது. உனுக்கு ஒண்ணுமே வர்லியா?"

வரவில்லை. உண்மையாகவே எதுவும் வரவில்லை!

வீட்டுக்கார அம்மா சமாதானம் சொன்னார். "ரெண்டு மாசத்துல பழகிடும்மா. உன் வூட்டுக்காரருக்கு பாரு, இப்பவே பழகிடுச்சி!"

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஸ்டெல்லாவுக்குத்தான் உறைத்தது. கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்துத் திறந்து என் மூக்குக்குக் கீழே பிடித்தாள். எரிந்தது. வாசனை வரவில்லை.

அவள் முகம் மாறிவிட்டது.

இவ்வளவு நாள் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். சொல்கிறேன், சிரிக்காதீர்கள்.

நான் வேலை செய்வது கன்டெய்னர் யார்டில். நாள் முழுக்க லாரிப் புகை, தூசி. டீ நேரத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூக்கைச் சிந்திவிட்டு, யார் கைக்குட்டை அதிகக் கறுப்பு என்று காட்டிக்கொள்வோம்! (கலீஜ்தான். பெண்டாட்டிகளிடம் சொல்லிவிடாதீர்கள்.)

கூட வேலை செய்யும் தாஸ்தான் இதில் நீதிபதி. "கறுப்பா வந்தா நல்லது மாமு. அழுக்கு வெளிய வருதுன்னு அர்த்தம்."

ஒரு கட்டத்தில் எனக்குக் கறுப்பு நின்றுவிட்டது. அதற்குப் பதில் மஞ்சளாக, பசை மாதிரி கெட்டியாக வந்தது. கன்னம் கனத்தது. குனிந்தால் நெற்றி வலித்தது. யார்டுக்குப் போகிற பஸ் திருவொற்றியூர் தாண்டும்போது வழக்கமாக வரும் நாற்றமும் நின்றுபோனது.

நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா?

ஏரியா சுத்தமாகிவிட்டது என்று!!

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பிடித்தபோதுகூட, இவர்களுக்கு ரொம்பத்தான் என்று நினைத்தேன்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். டாக்டரம்மா ஒரு மெல்லிய குழாயை மூக்குக்குள் விட்டு, உள்ளே இருப்பதை டிவியில் காட்டினார். தோலுரித்த திராட்சை மாதிரி இரண்டு மூன்று தொங்கிக்கொண்டிருந்தன.

"இது இன்னா டாக்டர்?"

"பாலிப். மூக்குக்குள்ள சதை ரொம்ப நாளா வீங்கி இப்படி ஆயிருக்கு. சளி சுரக்கிறது நல்லதுதான். அது தூசியைப் பிடிச்சிக்கும். உள்ள இருக்கிற நுண்ணிய முடிங்க அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். உங்களுக்கு வீக்கத்துல வழி அடைச்சி, சளி கெட்டியாகி உள்ளயே தேங்கிடுச்சு."

"மஞ்சளா வந்தா மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுப்பேன் டாக்டர்."

"கலரைப் பார்த்து ஆன்ட்டிபயாடிக் போடாதீங்க. வீக்கம் இருந்தாலே கலர் மாறும்."

"வாசனை?"

"வாசனை தெரியுற இடம் மேல இருக்கு. அங்க காத்தே போகல. ஸ்ப்ரே அடிங்க, உப்புத் தண்ணில கழுவுங்க. வீக்கம் குறைஞ்சா வாசனை வரலாம். உறுதியா சொல்ல முடியாது. வரலன்னா ஆபரேஷன் பத்தி யோசிப்போம்."

உறுதியாகச் சொல்ல முடியாது என்றதும் பக்கத்தில் பார்த்தேன். ஸ்டெல்லா மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

குழந்தையைத் தூக்குகிறவர்கள் எல்லோரும் கழுத்தில் மூக்கை வைத்து, "ப்பா, இன்னா பால் வாசன!" என்பார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், என் மகளின் வாசனை எனக்கு அன்றுவரை தெரியாது. பயந்துவிட்டேன். சத்தியமாகப் பயந்துவிட்டேன்.

அன்றிலிருந்து ஸ்ப்ரேயும் கழுவலும்தான். முதல் தடவை ஒரு துவாரத்தில் ஊற்றிய உப்புத் தண்ணீர் மறு துவாரத்தில் கொட்டியபோது மூளையே வருகிறது என்று கத்திவிட்டேன்!

தாஸ் ஆலோசனை சொன்னான். "உப்புத் தண்ணிக்கு எதுக்கு உப்பு பாக்கெட்டு? கடலு தோ கீதே மாமு!"

(யாரும் செய்யாதீர்கள்! காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில்தான் கலக்க வேண்டும்.)

சில நாளில் தலைபாரம் குறைந்தது. சளி தண்ணீராக, தெளிவாக வர ஆரம்பித்தது. ஆனால் காபித்தூளை முகர்ந்தால், ஒன்றுமில்லை. பெருங்காய டப்பாவுக்குள் மூக்கை விட்டால், ஒன்றுமில்லை. ஸ்டெல்லா தினமும் கேட்பாள், நான் தினமும் இல்லையென்று தலையை ஆட்டுவேன். பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள்.

இன்று காலை குழந்தையைத் தூக்கினேன். தூக்கக் கலக்கத்தில் தோளில் சாய்ந்தாள்.

ஏதோ வந்தது.

லேசாக. புளிப்பும் இனிப்புமாக. கழுத்து மடிப்பில் மூக்கை வைத்தேன். இன்னும் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாய்யா, ஏன் செலையாட்டம் நிக்கிற?"

"பாப்பா வாசன வருதுமே!"

ஸ்டெல்லா ஓடி வந்தாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான். இன்னொரு தடவை ஆழமாக இழுத்தேன்.

"ஸ்டெல்லா... பால் வாசனையோட வேற இன்னாவோ வருதே?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பாடா! இத்தினி மாசமா பாப்பா ஆய் போனா 'எனுக்குத் தெர்லமே, எனுக்குத் தெர்லமே'ன்னு என் தலைலயே கட்டிகினு இருந்தியே. இப்ப தெரிதுல்ல? போ, நீயே கழுவி வுடு!"

கழுவினேன் நண்பர்களே.

கண்ணில் தண்ணீரோடு, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு!