சித்தி போட்ட சைலன்சர்

இரண்டே கதவு, தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிற உயரம், எதிரில் வருகிறவனை முறைக்கிற மூஞ்சி. இப்படி ஒரு சிவப்பு டர்போ காரை என் சித்தி ஓட்டி வந்து எங்கள் குடியிருப்பின் பின்பக்கம் நிறுத்தியபோது, எல்லோரும் என்னிடம் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உங்க சித்தி பையன் வாங்கினதா?" சித்திக்குப் பையனும் இல்லை, பெண்ணும் இல்லை. ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றி இறக்கியே காலம் போய்விட்டது. அறுபதை நெருங்கும்போது அந்த வேனை விற்று, அந்தப் பணத்தில் தனக்கே தனக்கென்று வாங்கிய கார் இது. சொன்னால் ஒருத்தரும் நம்பவில்லை. நம்பாதவர்கள் எக்கேடு கெட்டால் எனக்கென்ன.

சித்தி எதற்கு வாங்கினாள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முதலில் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா செய்தித்தாள் அச்சகத்தில் வேலை பார்த்தவர். இரவெல்லாம் இயந்திரத்தோடு நிற்பார், விடிந்ததும் வந்து படுப்பார். அதனால் அந்த வீட்டில் பகல்தான் இரவு. நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருக்கும். கதவுக் கீல்களுக்கு வாராவாரம் எண்ணெய். விசில் அடிக்கும் என்பதால் குக்கரே வாங்கவில்லை. தும்மல் வந்தால் சித்தி குளியலறைக்கு ஓடிப்போய், துண்டில் மூக்கைப் புதைத்துத் தும்முவாள். சின்ன வயதில் நான் அங்கே போனால் வாசலிலேயே விரலை உதட்டில் வைத்து எச்சரிப்பாள். பிறகு நாங்கள் இருவரும் சமையலறையில் ஊமைகள் மாதிரிக் கைஜாடையில் ஊர்வம்பு பேசுவோம். வேனில் ஏறினால் சந்தைக்கடை, வீட்டுக்குள் நுழைந்தால் கப்சிப். முப்பது வருடத்துக்கு மேல் அவள் பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

சித்தப்பா ஓய்வு பெற்ற கையோடு காது பரிசோதனைக்குக் கூட்டிப் போனோம். டாக்டர், பெட்டி மாதிரி ஒரு கண்ணாடி அறையில் அவரை உட்கார வைத்து என்னென்னவோ சத்தம் கொடுத்துப் பார்த்தார். அச்சு இயந்திரம் காதைத் தின்றுவிட்டது என்றார். இன்று நேற்று நடந்ததில்லை, பத்துப் பதினைந்து வருடமாவது ஆகியிருக்குமாம். கதவு, பாத்திரம், மனிதக் குரல் எல்லாம் அவருக்கு அரைகுறைதான். ஜெனரேட்டர், லாரி, இடி மாதிரி கனத்த சத்தம் மட்டும் விழும்.

"பக்கத்துல பாத்திரம் விழுந்தாக்கூட எந்திரிச்சிருக்க மாட்டாரேம்மா. நீங்க கவனிக்கலையா?" என்றார் டாக்டர்.

"விழுந்தாத்தானே டாக்டர். நான் எங்க விழ விட்டேன்?" என்றாள் சித்தி.

அன்று சாயங்காலம், அதே குடியிருப்பில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து கூடத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோபத்தில் அவள் காது மடலெல்லாம் சிவந்திருந்தது.

"செவிட்டு மனுஷனுக்குக் கேக்கக் கூடாதுன்னு பூனை மாதிரி நடந்தே என் ஆயுசு போச்சுடா. தும்மலைக்கூட அடக்கினேன். நான் போடுற சத்தம் ஒண்ணே ஒண்ணாவது அந்த ஆள் காதுல விழணும். அப்பத்தான் எனக்கு ஆறும்."

"காதுல மாட்டுற மெஷின் குடுத்திருக்காங்களே சித்தி."

"அதை மேஜை டிராயர்ல போட்டுட்டார். மாட்டினா தட்டு, கரண்டிச் சத்தம்தான் கேக்குதாம்."

அதற்கு அடுத்த மாதம் வேன் போய்க் கார் வந்தது. விற்றவன் ஒரு பணக்கார வீட்டுப் பையன். "ஸ்டார்ட் பண்ணினா ஊரே திரும்பிப் பாக்கும் ஆன்ட்டி" என்று சொல்லி அவள் தலையில் கட்டிவிட்டான். சித்தி முதல் நாளே சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். அவ்வளவு தாழ்வான இருக்கையில் அவர் முனகிக்கொண்டே உட்கார்ந்தார். பெரிய சாலையில் அவள் ஆக்சிலேட்டரை மிதிக்க, கார் சீறிக்கொண்டு பாய்ந்தது. சித்தப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டியா?"

திரும்பி வந்து அவரை வெளியே எடுக்க நானும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. "இனிமே அந்தக் கிணத்துக்குள்ள என்னை இறக்காதே" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் போய்விட்டார்.

சித்தி மறுநாள் சைலன்சர் கடைக்குப் போனாள். துணைக்கு நான். கடைக்காரர் என்னைப் பார்த்து, "சொல்லுங்க சார்" என்றார். நான் சித்தியைக் காட்டினேன். அவர் சித்தியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "பையனை வரச் சொல்லுங்கம்மா, அவன்கிட்ட பேசிக்கிறேன்" என்றார். சித்தி தரையில் மண்டியிட்டு, குனிந்து காருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"இந்தக் குழாய் ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு? என் வேன்லயே இதைவிடத் தடிமனா இருந்துச்சே."

அதன் பிறகு அவர் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. சித்திக்கு உட்கார ஸ்டூல் வந்தது.

"புகை வெளிய வர்ற வழியில டர்போ உக்காந்திருக்கும்மா. அந்தப் புகை தள்ளுற வேகத்துலதான் அதோட சக்கரமே சுத்துது. பாதிச் சத்தத்தை அதுவே முழுங்கிடும். மீதியைப் பின்னால இருக்கிற இந்தப் பெரிய டப்பா முழுங்கிடும். அதான் கார் பல்லு இல்லாதவன் மாதிரிப் பேசுது."

"டர்போ முழுங்குறதை முழுங்கட்டும். டப்பாவைக் கழட்டுங்க."

கழற்றினார்கள். புகையைச் சுத்தம் செய்கிற பகுதியை மட்டும் தொடமாட்டேன், புகைச் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள் என்று கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குப் பின்னாலிருந்து கடைசிவரை அகலமான எவர்சில்வர் குழாய், டப்பா இருந்த இடத்தில் கையடக்கமான புது சைலன்சர். இதற்கு ஒரு பகல் முழுக்க ஆனது. சித்தி ஸ்டூலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு பற்றவைப்பையும் விரலால் தடவி, "இங்க பொத்தல் இருக்கும்போல, இன்னொரு தடவை வைங்க" என்று அந்த மனிதரின் உயிரை எடுத்தாள். வேலை முடிந்து ஓட்டிப் பார்த்தபோது மிதித்தால் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. நின்றால் சமர்த்தாக உறுமிக்கொண்டிருந்தது. எனக்கே ஆசையாகிவிட்டது என்பதை மறைப்பானேன்.

ஒரு விஷயத்தைத்தான் மூன்று பேருமே கோட்டை விட்டோம். கடையில் அந்த இன்ஜின் பகல் முழுக்க ஓடி ஓடிச் சூடாகவே இருந்தது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்து காலையில் எழுந்திருக்கும்போது அது என்ன குரலில் பேசும் என்று ஒருவரும் கேட்டுப் பார்க்கவில்லை. இந்த மாதிரிக் கார்கள் குளிர்ந்து கிடந்து எழும்போது, புகை சுத்தமாகும் பகுதியைச் சீக்கிரம் சூடேற்றுவதற்காகத் தாமாகவே கொஞ்ச நேரம் இன்ஜினை விரட்டும். பழைய டப்பா அந்த அலறலை விழுங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரோடு காலியாக இருக்கும் என்று சித்தி கீழே வந்து ஸ்டார்ட் செய்தாள். மேலே கூரை, மூன்று பக்கம் சுவர். பக்கத்தில் நின்ற நாலு கார்களின் அலாரம் ஒன்றாகக் கத்தியது. முதல் மாடியில் யாரோ சவரம் செய்யும்போது கன்னத்தைக் கிழித்துக்கொண்டார். நான் கைலியோடு ஓடி வந்தேன். சித்தி காரை அணைத்துவிட்டு, என்னைத் தாண்டி, லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் மாடிப்படியில் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

சித்தப்பா படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். சித்தியின் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்.

"என்ன, கரண்ட் போச்சா?" என்றார் அவர். "ஜெனரேட்டர் போட்டுட்டாங்க போலிருக்கே." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜெனரேட்டர் இருப்பது கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில்தான். சித்தி வெளியே வந்து கதவைப் பிடித்தாள். பிறகு, பழக்கதோஷம், அதைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"ஜெனரேட்டராம்டா" என்றாள்.

அதற்குள் பஞ்சாயத்து கூடிவிட்டது. எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் தேர்வு அறைகளில் பறக்கும் படையாகச் சுற்றியே ஓய்வு பெற்றவர். ஒரு மாணவன் மூச்சை இழுத்துவிடுகிற விதத்திலேயே, பிட் சட்டைக்குள் இருக்கிறதா சாக்ஸுக்குள் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். செயலாளர், என் கெட்ட நேரம், நான். சோதனை வைப்போம் என்றார் தலைவர். சனிக்கிழமை காலை எல்லோர் முன்னாலும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சத்தம் தாங்கவில்லை என்றால் பழைய டப்பாவை மாட்ட வேண்டும், இல்லையென்றால் கார் வெளியே போக வேண்டும். எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் கிடையாது. வெளியே போவதென்றால் விற்பதுதான்.

"டப்பாவை மாட்டினாலும் ஒண்ணுதான், வித்தாலும் ஒண்ணுதான்" என்றாள் சித்தி. "ரெண்டுலயும் அவருக்குக் கேக்காது."

குறுக்குவழி சொன்னது நான்தான். சோதனைக்கு முன்னால் வெளியே ஒரு சுற்றுப் போய் வந்துவிட்டால் இன்ஜின் சூடாக இருக்கும், கத்தாது. வெள்ளிக்கிழமையே, சித்தப்பா வெளியே போன நேரம் பார்த்து, சித்தி காரை ஒரு தடவை அலறவிட்டு எடுத்துப்போய்ப் பக்கத்துத் தெரு பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு, சனிக்கிழமை ஊரெல்லாம் சுற்றி ஓட்டி வந்து நிறுத்தினாள். கூட்டம் கூடியது. சித்தி ஸ்டார்ட் செய்யக் கையை நீட்டினாள். தலைவர், "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"பிட் அடிச்சிருக்கீங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பழைய சந்தோஷம். "யார் எழுதிக் குடுத்தது?" என்று என்னைப் பார்த்தார்.

மறுநாள் காலைக்குள் ஆறிப்போன இன்ஜினோடு மறுதேர்வு நடந்தது. என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நல்லவேளை, ஊரிலிருந்து வந்த யாரையோ பார்க்கச் சித்தப்பா அன்று வெளியே போயிருந்தார். இல்லையென்றால் இரண்டாவது தடவையும் ஜெனரேட்டராகியிருப்பாள் சித்தி. காரை உடனே விற்கச் சொல்ல மனம் வராமல் தலைவர் தீர்ப்பைக் கொஞ்சம் இளக்கினார். சூடாகத் திரும்பி வரும்போது சத்தம் இல்லை என்பதால் உள்ளே ஓட்டி வரலாம், நிறுத்தலாம். ஆனால் ஆறிய இன்ஜினை வளாகத்துக்குள் எந்த நேரத்திலும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஸ்டார்ட் செய்யாமல் எந்தக் காரும் வெளியே போகாது என்று எல்லோரும் திருப்தியாகக் கலைந்தார்கள்.

சித்தி கலையவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள். பின்பக்கத்திலிருந்து கட்டிடத்தைச் சுற்றி கேட் வரைக்கும் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகப் பாதையைச் சரிவாகப் போட்டிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு விடிந்தும் விடியாததுமாக என்னை எழுப்பினாள். சித்தி உள்ளே உட்கார்ந்து கியரை நியூட்ரலில் போட்டாள். நான் பின்னால் நின்று தள்ளினேன். அந்தச் சனியன் அசையவில்லை. மூச்சு வாங்கி நிமிர்ந்தால், வாக்கிங் ஷூவோடு தலைவர் நிற்கிறார். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவர் காரைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், திறந்திருந்த கேட்டைப் பார்த்தார்.

"இது பிட் இல்லை" என்றார் மெல்ல. "சொந்தமா எழுதின விடை." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து என் பக்கத்தில் தோளைக் கொடுத்தார்.

கார் நகர்ந்தது. சரிவைப் பிடித்ததும் எங்கள் கையை விட்டுப் போயிற்று. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இறுகிவிடும். வேன் ஓட்டிக் காய்ப்பேறிய கைகள் அதை வளைத்துத் திருப்பின. அத்தனை முரட்டுக் கார் ஒரு சத்தமும் இல்லாமல், தூங்குகிற ஜன்னல்களை எல்லாம் கடந்து, முப்பது வருடம் சித்தி அந்த வீட்டில் நடந்த மாதிரியே நடந்து, கேட்டைத் தாண்டி, தெரு சமதளமாகிற இடத்தில் நின்றது. கட்டிடத்தின் முன்பக்கம் அது. நேர் மேலே, இரண்டாவது மாடியில், சித்தியின் படுக்கையறை ஜன்னல்.

சித்தி தலையை வெளியே நீட்டி ஒரு தடவை மேலே பார்த்தாள். பிறகு ஸ்டார்ட் செய்தாள்.

தெருவே அதிர்ந்தது. தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், ஆனால் சிரித்தார். வரிசையாக ஜன்னல்கள் திறந்தன. அந்தத் தகராறு இன்னும் முடியவில்லை, அது கிடக்கட்டும். கடைசியாக இரண்டாவது மாடி ஜன்னல் திறந்தது. பனியனோடு சித்தப்பா எட்டிப் பார்த்தார். சிவப்புக் காரைப் பார்த்தார், அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் தன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"நீயா?" என்றார். "ஞாயித்துக்கிழமைகூட மனுஷனைத் தூங்க விடமாட்டியா? என்ன சத்தம் இது?"

"என்னங்க, கேட்டுச்சா?"

அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "என்ன சொல்றே?" என்றார்.

சித்தி ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தாள்.

"கேக்குது, கேக்குது" என்று எரிந்து விழுந்தார் சித்தப்பா. "போய்த் தொலை. சீக்கிரம் வந்துடு."

ஜன்னலைப் படாரென்று சாத்தினார். சித்தி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் பயப்படாமல் பலமாக ஒரு தும்மல் போட்டுவிட்டுக் கியரை மாற்றினாள்.