நான் சுற்றிப் போன பதினேழு சொற்கள்

என் கைபேசியில் ஒரு பட்டியல் இருந்தது. இடப்பக்கம், படித்து மட்டுமே தெரிந்த ஆங்கிலச் சொல். வலப்பக்கம், அதை உச்சரிக்கப் பயந்து நான் பதிலாகச் சொல்லும் சொல். மொத்தம் பதினேழு. சேலத்தில், போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பாகங்கள் வரைந்து கொடுக்கும் அலுவலகத்தில் சேர்ந்த பிறகும் அது குறையவில்லை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் வாரந்தோறும் பேசுபவர் எங்கள் டீம் லீடர் அக்கா. இந்த வாரம் நான் வரைந்த பாகத்தை நானே விளக்க வேண்டும் என்றார். சரியாகப் பேசினால் இனி அந்த அழைப்பு என் பொறுப்பு. துளையிலிருந்து பறக்கும் கல்லும் மண்ணும் இயந்திரத்துக்குள் போகாமல் தடுக்கும் மூடிதான் அந்தப் பாகம். debris guard என்ற அதன் பெயரிலேயே என் பட்டியலின் பதினொன்றாவது சொல். டெப்ரிஸ் என்றுதான் இத்தனை நாள் படித்திருந்தேன். அகராதியைப் பார்த்தேன்: பிரெஞ்சிலிருந்து வந்ததாம், கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாதாம். டெப்ரீ.

மூன்று நாள் சங்ககிரி பேருந்தில் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து இருக்கை அம்மா, "ஏதாச்சும் வேண்டுதலுங்களா சாமி?" என்றார். ஆமாங்க என்றேன்.

அழைப்பில் அக்கா என்னை அறிமுகப்படுத்தினார். டெப்ரிஸ் கார்டு பற்றி இவர் பேசுவார் என்றார். சரியாகச் சொன்னால் அக்காவைத் திருத்தியதாகும். 'இந்த மூடி' என்றே பாதி விளக்கத்தை ஓட்டினேன். படத்தில் இரண்டு மூடிகள் இருக்கின்றனவே, எதைச் சொல்கிறீர்கள் என்று வாடிக்கையாளர் கேட்டார்.

"டெப்ரீ கார்டு" என்றேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழைப்பு முடிந்ததும் மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியங்கள் தயார் செய்தேன். மூன்றும் பொய்.

"நாலு வருசமா டெப்ரிஸ்னுதான் சொல்லிட்டிருக்கறேன். உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு நாளாத்தானுங்க அக்கா."

"மூணு நாளா வாயை மூடிட்டு என்ற பக்கத்துலயே உக்காந்திருக்கற."

பட்டியலைத் திறந்து கைபேசியை நீட்டினேன். அவர் உதடசைத்துப் படித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றார். "இதையும் தப்பாத்தான் சொல்றனா?"

தலையாட்டினேன்.

"அடுத்த வாரமும் நீயே பேசு. இதை எனக்கு அனுப்பிவிடு."

மறுநாள் காலை பட்டியல் திரும்பி வந்தது. அக்கா இன்னும் ஆறு சொற்களைச் சரியான உச்சரிப்போடு சேர்த்திருந்தார். அவற்றில் நான்கை நான் தினமும் தைரியமாகத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.