சயாம் குழம்பும் நான் கிணற்றில் விழப் பார்த்ததும்

கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சயாமில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய என் மனைவியின் அண்ணன், கீரமங்கலத்தில் ஒரு காதுகுத்துப் பந்தியில் எல்லார் முன்பும் என்னைப் பார்த்து, "மாப்ளே, அது வயிறா, நெல்லுக் குதிரா? சயாம்ல ஒருத்தனுக்கும் தொப்பை கெடையாது. எலுமிச்சம்புல்லு, மொளகா, கீரை, மீனு போட்டுத் தண்ணியாக் கொதிக்க வச்சுக் குடிப்பான்" என்றார். பந்தியே சிரித்தது. நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன்.

அன்று முதல் சோற்றைத் தொடவில்லை. அந்தக் குழம்பை மட்டுமே குடித்தேன். எட்டாம் நாள் கமலையில் தண்ணீர் இறைக்கும்போது கண் இருட்டிக் கிணற்று விளிம்பில் சாய்ந்தேன். வடத்தை எட்டிப் பிடித்ததால் பிழைத்தேன்.

பார்க்க வந்த மச்சான், "அட கூறுகெட்ட மாப்ளே! அவன் அதைச் சோத்தோடதானே திங்கிறான்!" என்று மறுபடியும் சிரித்தார்.

"அதை அன்னைக்குப் பந்தியிலயே சொல்லியிருக்கணும். எந்திரிச்சுப் போங்க" என்றேன். ஒருவரை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

இப்போது அதே குழம்பை அளவான சோற்றோடு சாப்பிட்டு, வயிறு முட்டுமுன் எழுந்துவிடுகிறேன். தொப்பை குறைந்திருக்கிறது. மச்சானுக்கு மட்டும் என் வீட்டில் இலை போடுவதில்லை.

வெகுதானிய வருஷம், ஆவணி 7.